ஆண்டிச்சாமி மூடிய இணைப்பு

ஆண்டிச்சாமி பட்டியில் கட்டைவிரல் வைப்பதை வண்டிக்காரர் எவரும் பார்த்ததில்லை. அடிபட்ட வண்டியின் தகரத்தில் பள்ளத்தை நிரப்பும் அந்தப் பசையை முதல் பூச்சாக இழுத்து, அது இறுகுவதற்குள் வலது கட்டைவிரலை ஒருமுறை அழுத்தி எடுத்துவிடுவார். அது காய்ந்தபின் மேல்பூச்சு வரும், உப்புத்தாள் தேய்ப்பு வரும், பிரைமரும் பெயின்ட்டும் வரும். விரல்தடம் உள்ளே போய்விடும். அந்த வண்டி மறுபடி அடிபட்டு யாராவது சுரண்டினால் ஒழிய அது வெளியே தெரியாது.

'இது என் வேலை, கேள்வி வந்தால் நான் பதில் சொல்கிறேன்' என்பதுதான் அந்தத் தடத்தின் பொருள். திண்டுக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தொழில் படித்த அண்ணன் சின்னச்சாமி, அங்கிருந்து கொண்டுவந்த வழக்கம் அது. கூடவே ஒரு விதியும் வந்தது. விரல் வைத்தவன்தான் அதன் மேல் மூட வேண்டும். ஒருவன் வைத்த விரலை இன்னொருவன் மூடினால் விரிசல் விடும். வைத்தவன் இறந்துபோயிருந்தால் அவன் மனைவி வந்து தடத்தைத் தொட்டுக்கொடுக்க வேண்டும். அதன்பிறகு யார் மூடினாலும் நிற்கும்.

திண்டுக்கல் முதலாளி மாரடைப்பில் போனபோது பாதி வேலையில் நின்ற பஸ் கதவு ஒன்றை, காரியம் முடிந்த கையோடு அவர் மனைவி வந்து தொட்டுக்கொடுத்ததை ஆண்டிச்சாமி நேரில் பார்த்தார். அப்போது அவருக்கு மீசை அரும்பும் வயது. சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் பின்னந்தலையில் ஒரு தட்டு வைத்தார்.

பெரும்பாறையில் மிளகும் காப்பியும் பறித்த குடும்பம். அண்ணனும் தம்பியும் 1996-இல் பெருமாள்மலைக்கு வந்து, பழனி போகும் சாலையில் கொஞ்சம் இறங்கி, யூக்கலிப்டஸ் மரங்களுக்குக் கீழே தகரக் கொட்டகை போட்டார்கள். மலையில் வண்டி இடிபடாத நாள் உண்டா? சோறு கிடைத்தது. அண்ணனுக்கு ராக்காயியைக் கட்டினார்கள். தம்பிக்கு வேலுத்தாய் வந்தாள். வேலுத்தாய்க்கு அடுப்படியைவிடக் கொட்டகை பிடித்திருந்தது. இன்றும் உப்புத்தாள் தேய்ப்பது அவள்தான். உள்ளங்கையால் தடவி, "இங்கன ஒரு பள்ளம் கெடக்கு" என்று அவள் சொன்னால் அங்கே பள்ளம் கிடக்கும்.

சின்னச்சாமி இடக்கைக்காரர். பட்டியைக் கீழிருந்து மேலாக இழுப்பார். விரல் மட்டும் வலது கை விரல். ஒருமுறை பானெட் தகரம் அந்தக் கட்டைவிரலைக் குறுக்கே கிழித்து, புண் ஆறியபின் சாய்வாக ஒரு கோடு நின்றுவிட்டது. அதனால் அவர் வைத்த தடத்தை யாரும் அடையாளம் சொல்லிவிடலாம். வாயில் எப்போதும் ஓர் ஏலக்காய் கிடக்கும். பேசும்போது அதன் வாசனைதான் முதலில் வரும்.

2005 கார்த்திகையில் ஒரு பிற்பகல், மூடுபனி இறங்கிய நேரம். கீழே மூன்றாவது வளைவில் ஜீப் ஒன்று நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. சின்னச்சாமி சாமான் பையை எடுத்துக்கொண்டு நடந்தார். ஜீப்காரர் காத்திருந்து காத்திருந்து, எதிரே யாரும் வராததால் அவரே மேலேறி வந்து கேட்டார்: "எங்கங்க ஆளு?" தேடிப் போனார்கள். சாலையோரக் கைப்பிடிச் சுவரின்மேல் பை நேராக உட்கார்ந்திருந்தது. வார் மாட்டியபடி, ஒரு திருகாணிகூடச் சிதறாமல். வனத்துறைக்காரர்கள் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கினார்கள். சட்டைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

பழனி அடிவாரத்தில் பண்டாரமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்றான் ஒருவன். திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் என்றான் இன்னொருவன். போய்ப் பார்த்தால் இரண்டும் வேறு ஆள். ராக்காயி நாலு வயது ரம்யாவோடு பெரும்பாறைக்கே திரும்பிப் போனாள். நெற்றியில் குங்குமத்தை அழிக்கவில்லை. யாரும் அழிக்கச் சொல்லவும் துணியவில்லை.

பதினெட்டு வருஷம் கழித்து, அவர் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி வேறு வழியாக வந்தது. ரம்யா திண்டுக்கல்லில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். கன்னிவாடியில் விதைக்கடை வைத்திருப்பவர் மகன் கோகுல்ராஜுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். நல்ல இடம். ஆனால் பத்திரிகை அடிக்கிற கட்டம் வந்ததும் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெருமாள்மலைக்கே வந்து ஆண்டிச்சாமியிடம் சொன்னார்:

"பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால திருன்னு போடுறதா, தெய்வத்திருன்னு போடுறதா? எதுவா இருந்தாலும் எங்களுக்குச் சம்மதந்தான். ரெண்டுங்கெட்டானா மட்டும் விடாதீக. அவுக இருக்காகன்னா பொண்ணோட அம்மா மணவறையில நிக்கட்டும். இல்லேன்னா நீங்களும் உங்க வீட்டம்மாவும் நின்னு தாரை வார்த்துக் குடுங்க. சபையில எங்க பெரியாளுக கேட்பாக."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆண்டிச்சாமி போனில் மதினிக்குச் சொன்னார். மறுமுனையில் உலரப்போட்ட காப்பிக் கொட்டையைக் கிளறும் சத்தம் நின்றது.

"உங்கண்ணன் செத்தாருன்னு ஒருத்தன் எனக்குக் காட்டட்டும், அழிச்சிடுறேன்," என்றாள் ராக்காயி. "இருக்காருன்னு காட்டட்டும், போயி மனுசனோட சண்ட போடுறேன். ரெண்டையும் காட்டாம எல்லாரும் என் நெத்தியவே பார்த்தா எப்பிடித் தம்பி?"

அந்த வாரம்தான் மோரிஸ் மைனர் கார் வந்தது.

லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தவர் கந்தவேல். பழனி அடிவாரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். கொடைக்கானலில் ஒரு பங்களா விலைக்கு வந்தபோது சாமான்களோடு சேர்த்து வாங்கியிருந்தார். வண்டி 1958 மாடல். சொந்தக்காரர் இறந்தபின் 1998-இலிருந்து பங்களாவின் கொட்டடியில் பூட்டிக் கிடந்ததாம்.

"பூட்டுல சாவி நொழையலண்ணே. அறுத்துத்தான் எடுத்தோம். கதவத் தொறந்தா அம்புட்டும் ஒட்டடை. எலிகூட இல்ல."

"ஓடணுமா மொதலாளி?"

"ஓட வேணாம்ணே. நிக்கணும், மின்னணும். லாட்ஜ் வாசல்ல நிறுத்தப்போறேன். சாமி கும்புட வர்ற சனம் ஒரு போட்டோ எடுத்துட்டு ரூம் போடும்ல?"

"சாமிக்கு மயிலு, உமக்கு மோரிஸா?" என்றாள் உள்ளேயிருந்து வேலுத்தாய். கந்தவேல் பலமாகச் சிரித்துவிட்டு லாரியோடு இறங்கிப் போனார்.

அந்தக் கால வண்டிகளில் கூரைத் தகரமும் பின்பக்கத்துப் பக்கவாட்டுத் தகரமும் சேரும் இடத்தில் ஓர் இணைப்பு வரும். இரண்டு தகரத்தையும் பற்றவைத்து, பள்ளத்தில் ஈயத்தை உருக்கி நிரப்பி, அரத்தால் ராவிச் சமமாக்கியிருப்பார்கள். வருஷக்கணக்கில் ஈரம் உள்ளே போனால் ஈயத்துக்கு அடியில் துரு புறப்படும். பெயின்ட்டில் முதலில் மயிரிழையாக ஒரு கோடு தெரியும், அப்புறம் கொப்புளம் வரும். இந்த வண்டியில் இரண்டு பக்கமும் கோடு தெரிந்தது. துருவைச் சுரண்டி, காய வைத்து, ஈயத்தைப் புதுப்பித்து, மேலே பட்டி இழுத்து மூட வேண்டும். ஈரத்தோடு மூடினால் செய்த வேலை அத்தனையும் வீண். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் மூடினால் பட்டி அப்பளமாகக் கழன்று வரும். தொழிலின் அரிச்சுவடி அவ்வளவுதான்.

ஆண்டிச்சாமி இடது பக்கத்தை முதலில் எடுத்தார். பச்சைப் பெயின்ட் உதிர்ந்ததும் அடியில் பட்டி தெரிந்தது. அதன் மேல்தோலைச் சுரண்டினார். கொட்டகைக்குள் ஏலக்காய் வாசனை அடித்தது.

அவர் திரும்பி வேலுத்தாயைப் பார்த்தார். அவள் தண்ணீரில் உப்புத்தாளை நனைத்துக்கொண்டிருந்தாள். "டீ போட்டியா?" என்றார். "இப்பத்தான குடிச்ச?" என்றாள். மறுபடி வண்டிப் பக்கம் திரும்பினார். இன்னும் கொஞ்சம் சுரண்டினார். பட்டி கீழிருந்து மேலாக இழுக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் ஒரு கட்டைவிரல் தடம். குறுக்கே சாய்ந்த கோடு.

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணன் எப்போதோ, வண்டி பூட்டப்படுவதற்கு முன் செய்த வேலையாக இருக்கும் என்று நினைத்தார். தடத்தைத் துணியால் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது. பட்டி இளஞ்சிவப்பு.

அண்ணன் இருந்தவரை கொட்டகையில் ஈயமும், ஒற்றை டப்பாவில் வரும் சாம்பல் நிறப் பட்டியும்தான். இரண்டு பொருளைக் கலக்கும் பட்டி, அந்தச் சிவப்புப் பசையைச் சேர்த்தால் ரோஸ் நிறமாகி இறுகுமே அது, பெருமாள்மலைக்கு வந்ததே அண்ணன் போன மறு வருஷம். முதல் டப்பாவை வத்தலகுண்டிலிருந்து ஆண்டிச்சாமிதான் வாங்கிவந்தார். அண்ணன் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. வண்டியோ அதற்கு முன்பே பூட்டப்பட்டுவிட்டது.

நகத்தால் அழுத்திப் பார்த்தார். பட்டி லேசாக அமுங்கியது. நேற்று இழுத்தது போல.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. பயத்தில் மனிதன் செய்கிற முதல் காரியம் மூடுவதுதான். கேஸ் பர்னரால் சுற்றிலும் சூடுகாட்டி ஈரத்தை வாங்கினார். பட்டி கலந்தார். தடத்தின் மேல் இழுத்து மூடினார். கல்லாக இறுகியது. பொழுது சாயும் முன்பே கொட்டகையைப் பூட்டினார்.

காலையில் விரிசல் விட்டிருந்தது. மயிரிழை, சாய்வாக. விரல்தடத்தில் இருந்த கோட்டுக்கு நேர் மேலே, அதே சாய்வில்.

"ஈரத்தோட மூடுனியாக்கும்," என்றாள் வேலுத்தாய். "இருபத்தஞ்சு வருச டிங்கரு! கந்தவேலு பார்த்தா லாட்ஜுல ரூமுகூடத் தர மாட்டாரு."

மறுபடி சுரண்டி, மறுபடி காய வைத்து, மறுபடி மூடினார். மறுநாளும் அதே இடத்தில் அதே கோடு. இந்தமுறை வேலுத்தாய் கேலி செய்யவில்லை. விரிசலின் மேல் மூக்கை வைத்து முகர்ந்தாள். தலையை வெடுக்கென்று எடுத்தாள்.

"மாமா," என்றாள். "என்ன வாடை இது?"

அவர் அப்போதுதான் மேல்பூச்சை எடுத்து அவளுக்குத் தடத்தைக் காட்டினார். அவள் நெடுநேரம் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இது ஒண்ணுதானா?"

"இந்தப் பக்கம் இது ஒண்ணுதான்."

வலது பக்கத்தையும் அன்றே பிரித்தார்கள். அங்கே தடம் எதுவும் இல்லை. பழைய ஈயமும் துருவும்தான். ஆண்டிச்சாமிக்கு மூச்சு வந்தது. துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து, முதல் பூச்சை இழுத்து, வழக்கப்படி தன் கட்டைவிரலை வைத்தார். காயட்டும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். சாவி அவர் இடுப்பில் இருந்தது.

காலையில் வேலுத்தாய்தான் முதலில் உள்ளே போனாள். "இங்க வா," என்று கூப்பிட்ட குரல் சரியாக இல்லை.

அவர் வைத்த தடம் அங்கேதான் இருந்தது. அவருடைய சுழிகள்தான். ஆனால் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு ஓடியது. காய்ந்தபின் கீறியது போல இல்லை. ஈரமாக இருந்தபோதே இன்னொரு விரல் அதன் மேல் மெதுவாக, முந்தைய தடத்தைக் கலைக்காமல், ஒட்டி எடுத்தது போல இருந்தது. வேலுத்தாய் அவருடைய கையைப் பிடித்து விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெட்டு இல்லை, வடு இல்லை.

வெளியே மூடுபனி காலையிலேயே ஏறி வந்திருந்தது. சாலையில் போன பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது, பஸ் தெரியவில்லை. கொட்டகைக் கதவு வழியாகப் பனி உள்ளே நுழைந்து மோரிஸின் சக்கரங்களை மறைத்தது. வண்டி தரையில் படாமல் நிற்பது போல இருந்தது. ஆண்டிச்சாமி வழக்கமாகச் செய்வதுபோல் விரல் முட்டியால் கூரைத் தகரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். வெற்றுத் தகரம் கணகணவென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லை. உள்ளே ஆள் உட்கார்ந்து தலையை முட்டுக்கொடுத்த வண்டியைத் தட்டினால் வருமே, அந்த அடைத்த சத்தம் வந்தது.

கண்ணாடி வழியே பார்த்தார். கிழிந்த இருக்கை. வேறொன்றும் இல்லை.

"அக்காவுக்குச் சொல்லணும்," என்றாள் வேலுத்தாய்.

"என்னன்னு சொல்லுவ?"

"உள்ளதச் சொல்லுவேன்." அவர் தடுப்பதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

ராக்காயி மதியத்துக்குள் பெரும்பாறையிலிருந்து வந்து சேர்ந்தாள். இறங்கியதும் முகம்கூடக் கழுவவில்லை. நேரே வண்டியிடம் போனாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண். காப்பித் தோட்டத்துச் சரிவில் வருஷக்கணக்காக நடந்த கால்கள். ஆண்டிச்சாமி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்: சிவப்புப் பட்டி வந்த வருஷம், அறுத்த பூட்டு, இரண்டுமுறை விட்ட விரிசல், வலது பக்கத்துக் கோடு. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு இடது பக்கத்துத் தடத்தின்முன் நின்றாள்.

"அந்த மனுசனோட விரலுதான்," என்றாள். "என் பொடரியில எத்தன தடவ வச்சிருக்காரு. எனக்குத் தெரியாதா?"

ஆண்டிச்சாமி பக்கம் திரும்பினாள்.

"வச்சவன்தான் மூடணும், இல்ல செத்துப்போனா பொண்டாட்டி தொட்டுக் குடுக்கணும். அதான தம்பி உங்க கணக்கு?"

"அதெல்லாம் பட்டறைப் பேச்சு மதினி..."

"பதினெட்டு வருசமா எவனும் எனக்கு வேற ஒரு கணக்கும் காட்டல. நான் தொட்டுக் குடுக்கேன். நீ மூடு. நாளைக்கு வெரிசல் விட்டா மனுசன் எங்கனயோ இருக்காரு. பத்திரிகையில திருன்னு போடு. நான் மணவறையில நிக்கேன். விடலேன்னா..." அவள் முடிக்கவில்லை. "விடலேன்னா விடல."

வேலுத்தாய், "அக்கா, ஒரு பட்டியையும் தகரத்தையும் நம்பியா..." என்று தொடங்கினாள்.

"நீ எதை நம்பச் சொல்ற? பண்டாரத்தப் பார்த்தேன்னு சொன்னானே, அவனையா?"

ராக்காயி வலது கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கட்டைவிரலைத் தடத்துக்குள் வைத்தாள். சின்ன விரல், தடத்தின் நடுவில் சுற்றிலும் இடம்விட்டு உட்கார்ந்தது. கண்ணை மூடவில்லை. எதுவும் முணுமுணுக்கவும் இல்லை. எடுத்துவிட்டு, "சோலிய முடி," என்று சொல்லிப் பின்பக்கத்து வீட்டுக்கு வேலுத்தாயோடு போய்விட்டாள்.

ஆண்டிச்சாமி தனியாக நின்றார்.

அவர் மனதில் ஓடியது இதுதான். விரிசல் விட வேண்டும். விட்டால் மதினி மகளுக்குப் பக்கத்தில் நிற்பாள். விடாவிட்டால் பந்தலில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், அட்சதைகூடப் போடத் தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ரம்யாவைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் மலையேறியவள். விரிசல் விட வைப்பதா கஷ்டம்? விடாமல் செய்வதற்கல்லவா இத்தனை வருஷமாகக் கூலி வாங்கியிருக்கிறார்!

கிரீஸ் டப்பாவை எடுத்தார். விரல்தடத்தின் மேலும் அதைச் சுற்றிலும் மெலிதாக, பளபளக்கும்படி தடவினார். பட்டியில் சிவப்புப் பசையைப் போட வேண்டியதற்கு இரண்டு பங்கு போட்டார். அப்படிக் கலந்தால் சூடேறி நொறுங்கும். போதாததற்கு வாளித் தண்ணீரில் கையை நனைத்து உதறினார். அதன் மேல் பட்டியை இழுத்தார். தன் வாழ்நாளில் அவ்வளவு கேவலமான வேலையை அவர் செய்ததில்லை. அது காலையில் விரிசல் விடுவதோடு நிற்காது, துண்டாகவே கீழே விழுந்து கிடக்கும். கதவைப் பூட்டும்போது உள்ளே பார்க்காமல் பூட்டினார்.

வெள்ளனே எழுந்து, பெண்கள் வருவதற்கு முன் போய்த் திறந்தார்.

பட்டி கீழே விழவில்லை. இணைப்பு, கூரையிலிருந்து பக்கத்துக்கு வழுவழுவென்று இறங்கியது. முட்டியால் தட்டினார். 'டொக்' என்று திடமான, நிறைந்த சத்தம். நகத்தால் விளிம்பை நெம்பினார். நகம் வழுக்கியது. தலையில் வியர்த்தது. மெல்லிய உளியை எடுத்து விளிம்பில் வைத்து உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு சின்ன விரிசல், ஒன்றே ஒன்று போதும். உளி சறுக்கி அவருடைய வலது கட்டைவிரலைக் குறுக்கே கிழித்தது.

அவர் பட்டியைக் குனிந்து பார்த்தார். நேற்று அவசரத்தில் மேலிருந்து கீழாகத்தான் இழுத்திருந்தார். இப்போது வரிகள் கீழிருந்து மேலாக ஓடின.

ராக்காயி வாசலில் நின்றாள். குளித்து, தலை ஈரத்தோடு, நெற்றியில் குங்குமத்தோடு. வேலுத்தாய் பின்னால்.

அவள் வந்து உள்ளங்கையை இணைப்பின் மேல் வைத்து முழுவதும் தடவினாள். திரும்பித் தடவினாள். பிறகு ஆண்டிச்சாமியின் ரத்தம் சொட்டும் விரலையும், தரையில் கிடந்த உளியையும், மூடி திறந்து கிடந்த கிரீஸ் டப்பாவையும் பார்த்தாள்.

"வெரிசல் விடணும்னு ஏதாச்சும் செஞ்சியா?"

அவருக்குப் பொய் வரவில்லை. "கிரீஸ் தடவுனேன் மதினி. தண்ணியும் தெளிச்சேன்."

"அப்பிடிச் செஞ்சா நிக்குமா?"

"எந்தக் காலத்துலயும் நிக்காது."

"நின்னுருக்கே."

"நின்னுருக்கு."

ராக்காயி சிரித்தாள். சிரிப்பு வேறாக மாறுவதற்குள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சொன்னாள்: "அந்த மனுசன் எப்பவும் அப்பிடித்தான். நீ கெடுத்து வச்ச வேலைய ராவோட ராவா வந்து சரிபண்ணி வச்சிட்டுப் போயிருக்காரு. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகணும்னு மட்டும் தோணாது."

வேலுத்தாய் அழுதேவிட்டாள். ஆண்டிச்சாமி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். ராக்காயிதான் முதலில் தெளிந்தாள்.

"கன்னிவாடிக்காரருக்கு போனைப் போடு. தெய்வத்திருன்னு அடிக்கச் சொல்லு."

"சரி மதினி."

"அதோட இதையும் சொல்லு. மணவறையில நாந்தான் நிப்பேன். அவரு பொண்டாட்டியா நிக்கல, எம்புள்ளைக்கு ஆத்தாளா நிக்கேன். பெரியாளுக கேட்டாகன்னா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லு. பொட்டு எங்கப்பன் வீட்டுலயே வச்சது, அது கெடக்கட்டும். அவரு குடுத்தது இது ஒண்ணுதான்."

கழுத்திலிருந்து மஞ்சள் கயிற்றை எடுத்தாள். தங்கத்தைக் கழற்றி, "ரம்யாவுக்கு," என்று வேலுத்தாயின் கையில் வைத்து மூடினாள். வெறுங்கயிற்றைச் சுருட்டி, முதல் பூச்சோடு நின்ற வலது பக்கத்து இணைப்பைக் காட்டினாள். பட்டிக்கு உள்ளே, தகரம் மடங்கும் இடத்தில், விரல் நுழையும் அளவுக்கு வெற்றிடம் இருந்தது.

"இத உள்ள வச்சு மூடிரு."

ஆண்டிச்சாமியின் வாயில் தன்னையறியாமல் வந்தது: "ஈரம் பிடிக்கும் மதினி. துரு ஏறும்."

"காய வச்சுத் தாரேன்," என்றாள் ராக்காயி. கேஸ் பர்னருக்கு எட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மஞ்சள் நிறம் வெளிறும்வரை பொறுமையாக நின்றாள்.

கன்னிவாடித் தாய்மாமன் போனில், "ஒண்ணச் சொல்லுங்கன்னுதானே கேட்டோம், சொல்லிட்டீக. நிக்கட்டும்," என்றார்.

ராக்காயி அன்று பிற்பகல் பஸ்ஸில் பெரும்பாறைக்கு இறங்கினாள். பழைய பட்டியை எடுத்துவிட்டு, கயிற்றை உள்ளே வைத்த இணைப்பில் ஆண்டிச்சாமி புதிதாக முதல் பூச்சு இழுத்தார். துணி சுற்றிய விரலைப் பிரித்தார். ரத்தம் நின்றிருந்தது. வெட்டு விளிம்பு தடத்தில் விழாமல், விரலைச் சற்றுச் சரித்து, பக்கவாட்டில் வைத்து எடுத்தார். கதவைப் பூட்டினார்.

மறுநாள் காலை கொட்டகையில் தின்னர் வாசனையும் பட்டி வாசனையும்தான் இருந்தன. வேலுத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். "பாத்துச் சொல்லு," என்றாள்.

அவர் கைவிளக்கைப் பிடித்துக் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். கோடு இல்லை. பட்டி, அவர் இழுத்தபடியே மேலிருந்து கீழாக இருந்தது. நடுவில், சாய்த்து வைத்ததால் பாதி மட்டும் பதிந்த ஒரு கட்டைவிரல். அவருடையது. முட்டியால் கூரையைத் தட்டினார். வண்டி வெறுமையாக, கணகணவென்று ஒலித்தது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல," என்றார் ஆண்டிச்சாமி. இன்னொருமுறை, மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு மேல்பூச்சைக் கலக்க உட்கார்ந்தார்.